துணைநூற்பட்டியல் வடிவமைப்புக் குறுக்குவிசைகள்

துணைநூற்பட்டியல் வடிவமைப்புக் குறுக்குவிசைகள் என்பவை ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, கல்லூரித் திட்ட அறிக்கை ஆகியவற்றின் இறுதியில் இடம்பெறும் நூற்பட்டியலைச் சொற்செயலியில் ஒழுங்குபடுத்தப் பயன்படும் விசைச் சேர்க்கைகள் ஆகும். சுட்டியைக் கொண்டு பட்டிகளில் தேடிச் செய்யவேண்டிய பணிகளை இவை இரண்டு மூன்று விசைகளில் முடித்துத் தருகின்றன. விண்டோசில் இயங்கும் மைக்ரோசாப்ட் வேர்டு, கட்டற்ற மென்பொருளான லிப்ரெஓபிஸ் ரைட்டர் ஆகிய இரண்டின் குறுக்குவிசைகள் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இவ்வசதிகள் ஆங்கில நூற்பட்டியலை மனத்திற் கொண்டு உருவாக்கப்பட்டவை. தமிழ்ப் பெயர்களின் அமைப்பும் தமிழ் அகரவரிசையும் ஆங்கிலத்திலிருந்து வேறுபடுகின்றன. எனவே தமிழ்ப் பட்டியலில் இவற்றைப் பயன்படுத்துவோர் மென்பொருள் தரும் முடிவைச் சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

பின்னணி

துணைநூற்பட்டியலின் நோக்கம், கட்டுரையாளர் பயன்படுத்திய நூலை இன்னொருவர் தேடிக் கண்டெடுக்க வழிசெய்வதாகும். ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பதிப்பிக்கப்பட்ட ஊர் ஆகியன இதன் அடிப்படைக் கூறுகள். இவற்றின் வரிசையும் நிறுத்தக்குறிகளும் நடைக்கு நடை மாறுபடும். ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஆகிய நடைகளில் பட்டியல் ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அமையும். பொறியியல் துறையில் வழங்கும் ஐஇஇஇ நடையில், கட்டுரையில் மேற்கோள் தோன்றும் வரிசையில் எண்ணிடப்படும்.

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகள் பலவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றவை. இளநிலைத் திட்ட அறிக்கைகளுக்காக அப்பல்கலைக்கழகம் வகுத்த வடிவமைப்பு வழிகாட்டி, நூற்பட்டியலை ஒற்றை வரி இடைவெளியில், முதல் ஆசிரியரின் பெயரை அகரவரிசைப்படுத்தி அமைக்குமாறு கூறுகிறது. ஆகவே அறிக்கையின் மற்றப் பக்கங்களுக்கு ஓர் இடைவெளியும் நூற்பட்டியலுக்கு வேறோர் இடைவெளியும் தேவைப்படுகின்றன. மாணவர் ஒருவர் குறுக்குவிசைகளின் தேவையை முதலில் உணரும் இடம் பெரும்பாலும் இதுவே.

அடிப்படைக் குறுக்குவிசைகள்

பின்வருவன மைக்ரோசாப்ட் வேர்டில் இயங்குபவை. இவற்றை அழுத்துமுன் உரிய பத்திகளைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும்.

• கண்ட்ரோல் + டி: தொங்கு உள்தள்ளல். பதிவின் முதல் வரி ஓரத்திலேயே நிற்க, அடுத்த வரிகள் உள்ளே தள்ளி அமையும். இதனால் ஆசிரியர் பெயர்கள் மட்டும் இடப்புறம் தனித்துத் தெரியும். கண்ட்ரோல் + ஷிப்ட் + டி இதனைக் குறைக்கும்.
• கண்ட்ரோல் + 1, கண்ட்ரோல் + 5, கண்ட்ரோல் + 2: முறையே ஒற்றை, ஒன்றரை, இரட்டை வரி இடைவெளி.
• கண்ட்ரோல் + 0: பத்திக்கு முன் ஒரு வரி அளவு இடைவெளி சேர்க்கும் அல்லது நீக்கும்.
• கண்ட்ரோல் + ஐ: சாய்வெழுத்து. ஆங்கில நூல்களின் தலைப்புக்குப் பயன்படும்.
• கண்ட்ரோல் + கியூ: பத்திக்குக் கையால் இட்ட வடிவமைப்பு முழுவதையும் நீக்கும்.
• கண்ட்ரோல் + ஷிப்ட் + 8: பத்தி முடிவு, வெற்றிடம் முதலிய மறைகுறிகளைக் காட்டும்.
• கண்ட்ரோல் + என்டர்: பட்டியலைப் புதிய பக்கத்தில் தொடங்கும்.
• ஆல்ட் + கண்ட்ரோல் + எஃப்: அடிக்குறிப்பு. ஆல்ட் + கண்ட்ரோல் + டி: இறுதிக்குறிப்பு.

தொங்கு உள்தள்ளலைப் பெறுவதற்காக ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் விசையை அழுத்தி, அடுத்த வரியில் வெற்றிடங்களைத் தட்டும் பழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்தது. சொற்செயலியில் இது பெருந்தவறுக்கு வழிவகுக்கும். சொற்செயலிக்கு ஒரு பத்தியே ஒரு பதிவு. பதிவின் நடுவே என்டர் அழுத்தப்பட்டால் அது இரு பத்திகளாகிவிடும். பின்னர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது ஆசிரியர் பெயர் ஓரிடத்திலும் பதிப்பக விவரம் வேறோர் இடத்திலும் சிதறும். வரியை முறித்தே ஆகவேண்டிய இடத்தில் ஷிப்ட் + என்டர் பயன்படுத்தலாம். அது பத்தியைப் பிரிப்பதில்லை.

சாய்வெழுத்தைத் தமிழில் அளவோடு பயன்படுத்துவது நல்லது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் தனியாக வரையப்பட்ட சாய்வு வடிவம் இல்லை. சொற்செயலி நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டுகிறது. அதனால் தமிழ் நூல் தலைப்புகளைத் தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோள் குறிக்குள்ளோ இடுவதும் வழக்கில் உள்ளது. எதைத் தேர்ந்தாலும் பட்டியல் முழுவதும் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

அடிக்குறிப்புகளில் வழங்கும் 'மேலது' என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. அது தனக்கு முந்தைய குறிப்பைச் சுட்டுகிறது. இடையில் புதிய அடிக்குறிப்பு ஒன்று சேர்க்கப்பட்டால் சொற்செயலி எண்களைத் தானே திருத்திவிடும்; ஆனால் 'மேலது' என்பது இப்போது வேறொரு நூலைச் சுட்டும். ஆகவே எழுதும் காலத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் முழுமையாக இட்டு, இறுதிப் படியில் மட்டும் 'மேலது' என மாற்றுவது பாதுகாப்பானது.

பிரியா இடைவெளியும் கோடும்

தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்துகள் மிகுதி. 'உ. வே.' என்பதில் 'உ.' ஒரு வரியின் இறுதியிலும் 'வே.' அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுவதைத் தவிர்க்க, இரண்டிற்கும் இடையே கண்ட்ரோல் + ஷிப்ட் + ஸ்பேஸ் அழுத்திப் பிரியா இடைவெளி இடலாம். இது வேர்டு, ரைட்டர் ஆகிய இரண்டிலும் இயங்கும். 'பக். 45' என்பதிலும் இதுவே பயன்படும்.

பக்க எல்லையைக் குறிக்கச் சிறுகோட்டிற்குப் பதிலாகச் சற்று நீண்ட கோட்டைப் பல நடைகள் கேட்கின்றன. எண் விசைத்தளம் உள்ள விசைப்பலகையில், அத்தளத்தின் கழித்தல் குறியைக் கண்ட்ரோலுடன் அழுத்தினால் வேர்டில் இது கிடைக்கும். மடிக்கணினியில் அத்தளம் இல்லையெனில் 2013 எனத் தட்டி ஆல்ட் + எக்ஸ் அழுத்தலாம். 2013 என்பது ஒருங்குறியில் அக்கோட்டின் குறியெண். ஆனால் பக்க எண்ணை ஒட்டி இவ்வாறு தட்டினால் முந்தைய இலக்கங்களையும் மென்பொருள் சேர்த்து எடுத்துக்கொள்ளக்கூடும். 2013 என்ற நான்கு இலக்கங்களை மட்டும் தெரிவு செய்துகொண்டு ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் இச்சிக்கல் இல்லை.

லிப்ரெஓபிஸ் ரைட்டரில் வேறுபாடுகள்

2010ஆம் ஆண்டில் ஓப்பன்ஓபிஸ் திட்டத்திலிருந்து பிரிந்து உருவான லிப்ரெஓபிசில் சில விசைகளின் பொருள் முற்றிலும் வேறு. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சொற்செயலியையும் வீட்டில் மற்றொன்றையும் பயன்படுத்துவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

• கண்ட்ரோல் + 1: வேர்டில் ஒற்றை இடைவெளி, ரைட்டரில் பத்தியை முதல்நிலைத் தலைப்பாக மாற்றும். நூற்பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து இதனை அழுத்தினால் ஒவ்வொரு நூலும் தலைப்பாகிப் பொருளடக்கத்தில் போய் நிற்கும்.
• கண்ட்ரோல் + எம்: வேர்டில் பத்தியை உள்ளே தள்ளும், ரைட்டரில் கையால் இட்ட வடிவமைப்பை நீக்கும்.
• கண்ட்ரோல் + டி: ரைட்டரில் தொங்கு உள்தள்ளலுக்கு இவ்விசை இல்லை. எஃப் 11 அழுத்திப் பாணிகளின் பட்டியலைத் திறந்து, அதிலுள்ள தொங்கு உள்தள்ளல் பாணியைத் தேர்ந்தெடுக்கலாம்.
• கண்ட்ரோல் + எஃப் 10: ரைட்டரில் மறைகுறிகளைக் காட்டும்.

இரு சொற்செயலிகளுக்கும் பொதுவான நல்வழி, நூற்பட்டியலுக்கெனத் தனிப் பத்திப் பாணி ஒன்றை வரையறுத்துக்கொள்வதாகும். உள்தள்ளல், இடைவெளி, எழுத்துரு அனைத்தும் அப்பாணியில் அடங்கும். பின்னர் வழிகாட்டி ஆசிரியர் இடைவெளியை மாற்றச் சொன்னால் பாணியை ஒருமுறை திருத்தினால் போதும். வேர்டில் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ் அழுத்திப் பாணியின் பெயரைத் தட்டி இடலாம்.

தமிழ் அகரவரிசை

வேர்டில் பதிவுகளைத் தெரிவு செய்து ஆல்ட், எச், எஸ், ஓ ஆகிய விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் வரிசைப்படுத்தும் பெட்டி திறக்கும். அதன் தெரிவுகள் பகுதியில் வரிசைப்படுத்தும் மொழியைத் தமிழ் எனக் குறிப்பிட வேண்டும். ரைட்டரில் கருவிகள் பட்டியிலுள்ள வரிசைப்படுத்தல் பெட்டியிலும் மொழித் தெரிவு உண்டு.

மொழியைக் குறிப்பிடுவதன் காரணம் பின்வருமாறு. தமிழ் நெடுங்கணக்கில் மெய்களின் வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடிகிறது. ஒருங்குறியின் குறியெண் வரிசையோ ந, ன, ப, ம, ய, ர, ற, ல, ள, ழ, வ என அமைந்துள்ளது. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் பின்வரும் பிழைகளைச் செய்யும்.

• 'கனகசபை' என்பது 'கமலா' என்பதற்கு முன் வரும். அகராதி முறைப்படி 'கமலா' முதலில் வரவேண்டும்.
• 'பழனி' என்பது 'பவானி' என்பதற்கு முன் வரும். அகராதியில் 'பவானி' முந்தியது.
• 'கணபதி' என்பது 'கண்ணன்' என்பதற்கு முன் வரும். அகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முந்தியது என்பதால் 'கண்ணன்' முதலில் வரவேண்டும்.
• 'ஜானகிராமன்' என்பது 'சிவதம்பி', 'ஞானசம்பந்தன்' ஆகியவற்றின் நடுவே வரும். கிரந்த எழுத்துகளை நெடுங்கணக்கின் இறுதியில் வைக்கும் முறைப்படி அது பட்டியலின் கடைசியில் வரவேண்டும்.

பெரிய பட்டியலை வரிசைப்படுத்துமுன் இச்சொற்களை ஒரு வெற்று ஆவணத்தில் தட்டி வரிசைப்படுத்திப் பார்த்தால், பயன்படுத்தும் மென்பொருள் எம்முறையைப் பின்பற்றுகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய எழுத்துருக்களில் தட்டப்பட்ட ஆவணங்களில் சிக்கல் இன்னும் பெரிது. பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினியில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியெண்களே. பாமினியில் ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்தில் 'ய'வும், 'எஃப்' இடத்தில் 'க'வும், 'எம்' இடத்தில் 'அ'வும் உள்ளன. எனவே வரிசைப்படுத்தினால் 'ய'வில் தொடங்கும் பெயர்கள் முதலிலும், 'க' இடையிலும், 'அ' அதற்குப் பின்னும் வரும். மேலும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னரே சேமிக்கப்படுவதால் 'சேதுப்பிள்ளை' சகர வரிசையிலேயே வராது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது; 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் பல குறியேற்றங்களில் உருவான ஆவணங்கள் இன்றும் கைக்குக் கைமாறி வருகின்றன. அவற்றிலிருந்து பதிவுகளை எடுப்போர் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே வரிசைப்படுத்த வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

ஆங்கில நடைகள் குடும்பப் பெயரை முதலில் இடுமாறு கூறுகின்றன. தமிழ்ப் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கும். எனவே இயற்பெயரை முதலிலும் முன்னெழுத்தைப் பின்னும் இட்டு 'வரதராசன், மு.' என எழுதுவது வழக்கம். 'மு. வரதராசன்' என விட்டுவிட்டால் அப்பதிவு மகர வரிசையில் போய் அமரும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இப்புறநகர்ப் பகுதியிலேயே உள்ளது. திரு. வி. க. எனப்படும் திரு. வி. கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு ஆகத்து 26 அன்று போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று தண்டலம் எனப்படுகிறது. அவர் பெயரிலுள்ள 'திரு.' என்பது மரியாதை அடைமொழியன்று. முன்னோரின் ஊரான திருவாரூரைக் குறிக்கும் முன்னெழுத்து. 'வி.' என்பது தந்தை விருத்தாசலத்தைக் குறிக்கும். நூற்பட்டியலில் 'திரு', 'திருமதி', 'முனைவர்' ஆகிய அடைமொழிகளை நீக்கவேண்டும் என்பது பொதுவிதி. கண்ட்ரோல் + எச் அழுத்தித் தேடிப் பதிலிடும் வசதியால் 'திரு.' என்பதை ஆவணம் முழுவதும் ஒரே அடியில் நீக்குவோர், இவ்வாசிரியரின் பெயரையும் சிதைத்துவிடுவர். சரியான பதிவு பின்வருமாறு அமையும்:

கலியாணசுந்தரனார், திரு. வி., 1944, 'திரு. வி. க. வாழ்க்கைக் குறிப்புகள்', சாது அச்சுக்கூடம், சென்னை.

'அனைத்தையும் மாற்று' என்னும் பொத்தானுக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்தையும் பார்த்து மாற்றுவதே நூற்பட்டியலுக்கு ஏற்றது.

கவனிக்கவேண்டிய பிற பெயர்கள் சில:

• மறைமலை அடிகள்: இரு சொற்களாகத் தட்டினால் மென்பொருள் இரண்டாவதைக் குடும்பப் பெயராகக் கொண்டு 'அடிகள், மறைமலை' என ஆக்கும். ஒரே புலத்தில் முழுப்பெயராக இடவேண்டும். இவர் முன்னர்ச் சுவாமி வேதாசலம் என்ற பெயரில் எழுதியவர் என்பதால், அப்பெயரில் வெளியான நூலைக் குறிக்கும்போது இரு பெயர்களையும் இணைத்துக் காட்டுவது தேடுவோர்க்கு உதவும்.
• மயிலை சீனி. வேங்கடசாமி: 'வேங்கடசாமி, மயிலை சீனி.' என இடலாம்.
• இராமசாமி, ராமசாமி: ஒரே ஆசிரியரின் பெயர் இருவகை எழுத்துக்கூட்டலில் இருந்தால் ஒன்று இகர வரிசையிலும் மற்றொன்று ரகர வரிசையிலும் பிரியும். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து சீர்மை செய்யவேண்டும்.

ஊர்ப் பெயர்களும் நிறுவனப் பெயர்களும்

ஒரே ஊர் பூந்தமல்லி, பூவிருந்தவல்லி, பூனமல்லி எனப் பலவாறு எழுதப்படுகிறது. நூலின் தலைப்பில் உள்ள வடிவத்தை மாற்றக்கூடாது; நூலகத்தில் அத்தலைப்பைக் கொண்டே தேடவேண்டியிருக்கும். கட்டுரையாளர் தாமே எழுதும் இடங்களில் மட்டும் ஒரு வடிவத்தைக் கையாளலாம். ஆகவே ஊர்ப் பெயரைத் தேடிப் பதிலிடும்போது நூற்பட்டியலை விலக்கிவிட்டு, கட்டுரைப் பகுதியை மட்டும் தெரிவு செய்துகொள்ள வேண்டும்.

நிறுவனமே ஆசிரியராக அமையும் வெளியீடுகளிலும் இவ்விதி பொருந்தும். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவானது. அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்பகுதி பற்றிய 19ஆம் நூற்றாண்டுத் தகவல்களைச் சார்லசு இசுட்டூவர்டு குரோல் தொகுத்து 1879இல் வெளியான செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டில் தேடவேண்டும். 2005ஆம் ஆண்டின் நகராட்சி அறிக்கை ஒன்றைச் சுட்டும்போது அதன் ஆசிரியர் 'அம்பத்தூர் நகராட்சி' என்றே இருக்கவேண்டும்; இன்றைய பெயருக்கு மாற்றினால் அவ்வறிக்கையைக் கண்டெடுக்க இயலாது.

தானியங்கி வசதிகள்

மைக்ரோசாப்ட் வேர்டு 2007 முதல் மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தானே அமைக்கும் வசதி உள்ளது. நூல் விவரங்களைப் படிவத்தில் ஒருமுறை நிரப்பினால், தேர்ந்த நடைக்கேற்பப் பட்டியல் உருவாகும். 2006இல் வெளியான சோட்டேரோ என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியை வேர்டு, ரைட்டர் ஆகிய இரண்டிலும் செய்கிறது. சோட்டேரோவில் ஆசிரியர் பெயரை இரு புலங்களாகவோ ஒரே புலமாகவோ இடலாம். 'மறைமலை அடிகள்' போன்ற பெயர்களுக்கு ஒரே புல முறை பொருத்தமானது.

இவ்வாறு உருவாகும் பட்டியல் ஆவணத்தில் புலமாக அமைகிறது. அதனைச் சார்ந்த விசைகள்:

• எஃப் 9: தெரிவு செய்த புலத்தைப் புதுப்பிக்கும். புதிய நூல்களைச் சேர்த்தபின் வேர்டின் நூற்பட்டியலை இதனால் புதுப்பிக்கலாம்.
• ஆல்ட் + எஃப் 9: புலத்தின் உட்குறிகளைக் காட்டும் அல்லது மறைக்கும்.
• கண்ட்ரோல் + ஷிப்ட் + எஃப் 9: புலத்தைச் சாதாரண உரையாக மாற்றும். இதன்பின் பட்டியலுக்கும் நூல் விவரத் தொகுப்பிற்கும் தொடர்பு அறுந்துவிடும்.

தானே உருவான பட்டியலில் கையால் செய்த திருத்தங்கள், அடுத்த புதுப்பித்தலின்போது அழிந்துவிடும். எனவே தவறான பெயரைப் பட்டியலில் திருத்தாமல் மூலப் படிவத்தில் திருத்தவேண்டும். மென்பொருளால் சரிசெய்ய இயலாத அகரவரிசைப் பிழைகளையும், ஆங்கிலத்தில் தோன்றும் 'பக்கம்', 'பதிப்பாசிரியர்' முதலிய சொற்களையும் இறுதிப் படியில் மட்டும் கையால் மாற்றலாம். அதற்குமுன் எஃப் 12 அழுத்தி ஆவணத்தை வேறு பெயரில் சேமித்து, அப்படியில் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஃப் 9 பயன்படுத்த வேண்டும்.

செய்முறை வரிசை

கையால் தட்டிய தமிழ் நூற்பட்டியலைப் பின்வரும் வரிசையில் ஒழுங்குபடுத்தலாம்.

1. பதிவுகள் அனைத்தும் ஒருங்குறியில் உள்ளனவா எனப் பார்க்க.
2. மறைகுறிகளைக் காட்டி, ஒரு பதிவிற்கு ஒரு பத்தி என உறுதி செய்க. பதிவின் தொடக்கத்திலுள்ள வெற்றிடங்களை நீக்குக.
3. பெயர்களை இயற்பெயர், முன்னெழுத்து என்ற வரிசைக்கு மாற்றுக.
4. தலைப்பை விடுத்துப் பதிவுகளை மட்டும் தெரிவு செய்து, தமிழைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்துக.
5. ன, ழ, மெய்யெழுத்து, கிரந்தம் வரும் இடங்களைக் கண்ணால் சரிபார்க்க.
6. தொங்கு உள்தள்ளல், இடைவெளி ஆகியவற்றைப் பாணியின் வழியே இடுக.
7. முன்னெழுத்துகளுக்கு இடையே பிரியா இடைவெளி இடுக.
8. கட்டுரையில் சுட்டப்பட்ட ஒவ்வொரு நூலும் பட்டியலில் உள்ளதா எனக் கண்ட்ரோல் + எஃப் கொண்டு தேடிப் பார்க்க.

எட்டாவது படியை எந்தக் குறுக்குவிசையும் முழுமையாகச் செய்து தருவதில்லை. வடிவம் சீராக இருந்தும் நூல் விடுபட்டிருந்தால், அல்லது ஆசிரியர் பெயர் சிதைந்திருந்தால், அப்பட்டியலைக் கொண்டு நூலகத்திற்குச் செல்லும் அடுத்த மாணவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.